மழைக்குப் பிறகும் காய்ந்திருந்த தரை: ஈக்கோ கார்கோவை வீடாக்கிய ஒன்பது மாதம்

2024 அக்டோபர் 22, காலை ஐந்தரை மணி. முந்தின இரவு நல்ல மழை. பெங்களூர் யெலஹங்கா பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்ததே, அதே மழை. நான் குடியிருக்கும் ஈக்கோ கார்கோ வேனுக்குள் எழுந்ததும் மெத்தையைச் சுருட்டி வைத்தேன். ரீப்பர் கட்டைகளை எடுத்தேன். ரப்பர் மேட்டின் பின்முனையைத் தூக்கி உள்ளங்கையால் தரையைத் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. நாலு மூலையிலும் டிஷ்யூ பேப்பரை அழுத்தினேன். எல்லாம் காய்ந்தே வந்தன. கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தரையை ஒருமுறை முழுக்கப் பிய்த்துப் போட்டவன் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இன்வெர்ட்டர், யு.பி.எஸ். சர்வீஸ் செய்பவன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடம் பகிர்ந்து வேலை செய்கிறேன். அதுவரை இருந்த வீடு லீஸ் வீடு. இங்கே லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. நம் ஊரில் போகியம் என்போமே, அதுதான். 2024 ஜனவரியோடு லீஸ் முடிந்தது. வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். 4 லட்சம் கைக்கு வந்தது. அதே தொகைக்கு இப்போது லீஸ் வீடு கிடைக்காது. வாடகைக்குப் போனால் பத்து மாத அட்வான்ஸ். சர்வீஸுக்கு எப்படியும் ஒரு வண்டி வாங்க வேண்டியிருந்தது. வண்டியும் வீடும் ஒன்றாகவே இருந்தால் என்ன என்று யோசித்தது அப்போதுதான்.

வண்டி எது என்பதை என் உயரம்தான் முடிவு செய்தது. நான் 5 அடி 3 அங்குலம். டெம்போ டிராவலரில் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் என் பணத்துக்குக் கிடைத்த டிராவலர்கள் எல்லாம் பல லட்சம் கிலோமீட்டர் ஓடியவை. மாருதி ஈக்கோ கார்கோவில் கேபின் தடுப்பிலிருந்து பின்கதவு வரை டேப் வைத்தேன்: 5 அடி 5 அங்குலம். வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே 41 அங்குலம். தரையிலிருந்து கூரை 43 அங்குலம். நிற்க முடியாது, நீட்டிப் படுக்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். என்னைவிட அரை அடி உயரமானவருக்கு இந்த வண்டி சரிப்படாது. 2017 மாடல், பெட்ரோல், மஞ்சள் போர்டு, மேலே பழைய உரிமையாளர் போட்ட கேரியர். 2,35,000 ரூபாய். பெயர் மாற்றம், இன்சூரன்ஸுக்கு 21,500. கிளட்ச், பின் பிரேக், இரண்டு டயருக்கு 18,400.

மஞ்சள் போர்டு என்பதால் ஆரம்பத்திலேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), அதன்பின் வருடா வருடம். ஆகவே பாடியை வெட்டக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, வெல்டிங் கூடாது. கட்டில், சமையல் பெட்டி, பேட்டரி எல்லாம் சரக்கு மாதிரி ஏறி இறங்க வேண்டும். எஃப்.சி. அன்று வெறும் வண்டியாக நிற்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் கூரையில் ஓட்டை போட்டு ஃபேன் வைக்கும் வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். எனக்கு அது இல்லை என்று முடிவு செய்ததில் பணமும் மிச்சம். காற்றோட்டத்துக்கு என்ன வழி என்பதை மட்டும் அப்போது யோசிக்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு மாலை வேளைகளில் முதல் சுற்று வேலையை முடித்தேன். தரையில் 12 மி.மீ. பிளைவுட்டை நேராக இரும்பின் மேல் வைத்து 14 ஸ்க்ரூ முறுக்கினேன். அதன் மேல் வினைல். பக்கவாட்டிலும் கூரையிலும் தெர்மாகோல் ஷீட்டை ரப்பர் பசையில் ஒட்டி, அதன் மேல் 4 மி.மீ. பிளைவுட். அதையும் உள்பக்க ரிப்களில் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவால் பிடித்தேன். பிளைவுட் 303 கமர்ஷியல். கடையில் தண்ணீர் தாங்கும் மெரைன் ரகமான 710 எடுக்கச் சொன்னார்கள். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதால் வேண்டாம் என்றேன். 12 மி.மீ. ஷீட் 1,900, 4 மி.மீ. மூன்று ஷீட் 2,250, தெர்மாகோல் 900, பசை 1,850, வினைல் 1,100, தச்சருக்கு இரண்டு நாள் கூலி 2,400, ஸ்க்ரூ சில்லறை 600. மொத்தம் 11,000. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா பிள்ளைகள் உள்ளே ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டோம் என்றார்கள்.

ஏப்ரல் 1-ஆம் தேதி குடியேறினேன். இரவு நிறுத்துவது ஒர்க்‌ஷாப் வளாகத்தில். குளியலறை, கழிவறை சேர்த்து மாதம் 1,500 ரூபாய். அந்த ஏப்ரலில் பெங்களூரில் மழையே பெய்யவில்லை. 28-ஆம் தேதி 38.5 டிகிரி அடித்தது. ஊர் முழுக்கத் தண்ணீருக்குத் திண்டாட்டம். என் கவனமெல்லாம் சூட்டில் இருந்தது. வண்டி நனையாமல் இருப்பது நான் செய்த வேலையால் என்று நினைத்துக்கொண்டேன். மே மாதத்தில் பெய்த மழைகளில் பின்கதவு ஓரம் லேசாக ஈரம் தெரிந்தது. கதவைத் திறக்கும்போது சொட்டியது என்று துடைத்துவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு. அன்று ஒரே நாளில் 111.1 மி.மீ. மழை, ஜூன் மாதத்தில் ஒரு நாளில் அவ்வளவு மழை நூறு வருடத்துக்கு மேலாகப் பெய்ததில்லை என்று மறுநாள் பேப்பரில் வந்தது. இரவு பதினொரு மணிக்கு மெத்தையின் கால்பக்கம் சில்லென்று இருந்தது. டார்ச் அடித்தேன். வினைலின் ஓரத்தில் நீர் கோடு போட்டு நின்றது. பழைய வேட்டியால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தேன். விடியும்வரை அரை வாளி சேர்ந்தது.

அதன் பிறகு நான் செய்தது எல்லாமே தவறான திசையில். கேரியரின் கால்கள் கூரையில் உட்காரும் இடம்தான் ஓட்டை என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டேன். நாலு டியூப் சிலிகான் வாங்கி கேரியர் கால்கள், கூரை விளிம்பு, கண்ணாடி ஓரம் என்று கண்ட இடமெல்லாம் பூசினேன். அடுத்த மழையிலும் நனைந்தது. இன்னும் பூசினேன். பிற்பாடு அந்தச் சிலிகானைச் சுரண்டி எடுக்க ஒரு முழு ஞாயிறு போனது. பெயின்ட் மேல் சிலிகான் படிந்தால் அதன்மேல் வேறு சீலன்ட் சரியாகப் பிடிக்காது. தெரியாத கசிவுக்குச் சிலிகான் டியூபை எடுப்பதை இனி செய்ய மாட்டேன்.

ஜூலைக் கடைசியில் வாடை வந்தது. மழை இல்லாத நாளிலும் காலையில் ஊறின சணல் மூட்டை மாதிரி ஒரு மணம். மெத்தைக்கு அடியில் கருப்புப் புள்ளிகள். எனக்கு இருமல் பிடித்தது. வளாகத்தில் டிங்கரிங் பார்க்கும் அண்ணனை அழைத்துக் காட்டினேன். முப்பது வருடமாக லாரி கேபின் தட்டுபவர். பக்கவாட்டுப் பிளைவுட்டில் விரல் மடக்கித் தட்டினார். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மாறியது. அங்கே ஸ்க்ரூவைக் கழற்றி ஷீட்டை இழுத்தார். தெர்மாகோலுக்குப் பின்னால் இரும்பில் நீர் முத்து முத்தாக நின்றது.

“இன்னா தம்பி, இதுக்குள்ள மழ பெய்யலயே, தண்ணி எங்கிருந்து வந்துச்சு சொல்லு.”

“தெரியலண்ணா.”

“நீ வுட்ட மூச்சுதான். ராத்திரி இரும்பு சில்லுனு ஆவுது, மூச்சு போயி அதுல ஒட்டுது. தெர்மாகோல் தட்டையா கீது, இரும்பு வளைஞ்சி கீது. நடுவுல சந்து. ஒண்ணு, இரும்பு காத்தாட இருக்கணும். இல்ல, காத்தே போவாத மாதிரி அப்பி மூடணும். நீ ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்ட.”

வண்டியில் வாழ நினைக்கும் யாருக்கும் இந்தப் பேச்சை அப்படியே சொல்வேன். ஓர் ஆளின் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு ராத்திரியில் கால் லிட்டருக்குக் குறையாமல் ஈரம் வெளியேறும். கண்ணாடி ஏற்றிய தகர டப்பாவில் அது குளிர்ந்த இரும்பைத்தான் தேடிப் போகும்.

ஆகஸ்ட் முதல் வாரம் எல்லாவற்றையும் கழற்றினேன். அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். 16 நாள் அங்கேதான். தரைப் பிளைவுட்டைத் தூக்கியபோது அடிப்பக்கம் அடுக்கடுக்காகப் பிரிந்து கையோடு வந்தது. இரும்பில் பின்மூலைகளில் துரு, கட்டைவிரலால் தேய்த்தால் உதிர்ந்தது. நல்லவேளை, ஓட்டை விழும் அளவுக்குப் போகவில்லை. அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து என்னையும் கூப்பிட்டார். நான் முறுக்கிய 14 ஸ்க்ரூவின் கூர்முனைகளும் கீழே துருத்திக்கொண்டு நின்றன. ஒன்று பெட்ரோல் பைப்புக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. நாலு மாதம் அதன் மேல் படுத்திருக்கிறேன். தரையில் ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் முதலில் கீழே படுத்து, டேங்க் எங்கே, பைப் எங்கே, பிரேக் லைன் எங்கே என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை. அதோடு அந்த 14 துளைகள் வழியாக டயர் வாரி அடிக்கும் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது. பிளைவுட் அதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மேலிருந்து வரும் கசிவைக் கண்டுபிடிக்க அண்ணன் சொன்ன வழி பவுடர். முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடர், 60 ரூபாய் டப்பா. உள்ளே எல்லாம் கழற்றிய வெறும் தகரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, மடிப்பு, வெல்டு ஜாயின்ட், ரப்பர் ஓரம், கூரை மூலை என எல்லா இடத்திலும் பிரஷ்ஷால் மெல்லப் பூசினோம். நான் டார்ச்சோடு உள்ளே, கதவுகள் மூடியிருந்தன. அவர் வெளியே ஹோஸ் பைப்பில், அழுத்தம் இல்லாமல் மழை மாதிரி விடுகிறார். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒரு பகுதிக்குப் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று தெரியாது.

கேரியர் கால்களில் ஒரு சொட்டு இல்லை. நாலு டியூப் சிலிகான் வீண். இடது டெயில் லைட்டுக்குப் பின்னால் பவுடரில் ஒரு கோடு விழுந்தது. ஏழு வருடப் பழைய கேஸ்கெட் கல்லாக இறுகியிருந்தது. அதைவிடப் பெரிய கோடு பின்கதவு ரப்பர் பீடிங்கின் மேல் மூலையில். அங்கேதான் கேரியரில் வைத்த சோலார் பேனலிலிருந்து வரும் ஒயரை நான் ரப்பருக்கு அடியில் நுழைத்திருந்தேன். ஒயர் பருமனுக்கு ரப்பர் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டது. கூரையில் விழுந்த நீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டி வாங்கும்போது இல்லாத வழி அது, நானே போட்டுக் கொடுத்தது.

இப்போது ஒயர் இடது முன்கதவின் கீல் பக்கமாக உள்ளே வருகிறது. நுழையும் இடத்துக்கு முன் ஒரு ஜாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து, மறுபடி மேலேற்றி உள்ளே விட்டிருக்கிறேன். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும். அந்த வளைவுக்கு ஒரு ஜாண் ஒயரைத் தவிர எதுவும் செலவில்லை.

இரண்டாவது சுற்று. துருவை கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டி எடுத்தோம். ரஸ்ட் கன்வெர்ட்டர் அடித்து ஒரு நாள் விட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட். 14 தரைத் துளைகளையும், பக்கவாட்டு ரிப் துளைகளையும், எல்லா ஜாயின்ட்டையும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட்டால் அடைத்தோம், மூன்று கார்ட்ரிட்ஜ் ஆனது. பின்கதவு ரப்பர் பீடிங்கும் டெயில் லைட் கேஸ்கெட் இரண்டும் ஜே.சி. ரோட்டில் வாங்கினேன், 920 ரூபாய். மூடுவதற்கு முன் மறுபடி பவுடர் போட்டு, மறுபடி நாற்பது நிமிடம் ஹோஸ். ஒரு கோடும் விழவில்லை.

தெர்மாகோலுக்குப் பதில் 10 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. ஃபோம், ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பசை. சதுர அடி 40 ரூபாய் மேனி 80 சதுர அடி, 3,200. இது வளையும். இரும்பின் பள்ளம் மேட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பின்னால் சந்து இருக்காது. ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைக்க வேண்டும். பெரிய துண்டாக ஒட்டப் போய் முதல் துண்டு சுருங்கிக் காற்றுக் குமிழ் பிடித்துக்கொண்டது, கிழித்துப் போட்டேன். பிறகு ஒன்றரை அடி அகலப் பட்டைகளாக வெட்டி, துணிச் சுருளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனால் சரியாக உட்கார்ந்தது. சேரும் இடமெல்லாம் அலுமினிய டேப். அதன் மேல் பிளைவுட் போடவில்லை. வெள்ளித் தாள் அப்படியே தெரிகிறது. அழகு கம்மிதான், ஆனால் எந்த இடத்தையும் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது. இனி என் கண்ணுக்கு மறைவாக எதையும் மூட மனம் வரவில்லை.

தரைக்கு 6 மி.மீ. ஃபோம், அதன் மேல் 710 மெரைன் பிளைவுட் 12 மி.மீ., ஒரு ஷீட் 3,400. வெட்டின விளிம்புகளில் பெயின்ட் மூன்று கோட். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. அளவு சரியாக வெட்டியதால் வீல் ஆர்ச்சுகளே அதைப் பிடித்துக்கொள்கின்றன. மேலே ரப்பர் மேட், ஒட்டாமல் விரித்தது.

கட்டிலுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள். கடைகளில் ரேக் செய்வார்களே, துளை துளையாக இருக்குமே, அதுதான். சிவாஜி நகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) எடை போட்டு வாங்கினேன், 22 கிலோ, கிலோ 75. போல்ட் போட்டு மூன்று தனித்தனி ஸ்டாண்டாகச் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் ஒரே ஆள் தூக்கி இறக்கலாம். வண்டித் தரையில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளில் கொக்கி மாட்டி, ராட்செட் பெல்ட்டால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஸ்டாண்டுக்கு மேலே ரீப்பர் கட்டைகள் இரண்டு விரல் இடைவெளியில், அதன் மேல் அளவுக்கு வெட்டின 3 அங்குலத் தென்னை நார் மெத்தை. முன்பு பலகை மேல் போட்ட ஃபோம் மெத்தை அடியில் வியர்த்தது. இதில் காற்று ஓடுகிறது. கட்டிலுக்கு அடியில் ஆறு பிளாஸ்டிக் கிரேட்: இரண்டு துணிக்கு, ஒன்று சமையல் சாமானுக்கு, மூன்று என் டூல்ஸ், ஸ்பேர் பார்ட்ஸ். பகலில் வேலைக்குப் போகும்போது மெத்தை சுருண்டு முன்னே போகும், கஸ்டமரின் பேட்டரி கட்டிலுக்குப் பக்கத்தில் ஏறும்.

காற்றுக்கு வருகிறேன். கூரையில் ஓட்டை கிடையாது, பக்கவாட்டில் திறக்கும் ஜன்னல் கிடையாது. இருப்பது முன்கதவுக் கண்ணாடிகள் மட்டும். கேபின் தடுப்பின் மேல் பாதி திறந்திருப்பதால் அந்த வழியை எடுத்தேன். இடது கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, அந்தச் சந்தில் பொருந்தும்படி 5 மி.மீ. அக்ரிலிக் பட்டை. போர்டு எழுதும் கடையில் வெட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு வளைவு என்பதை மறந்து நேர்கோடாக அளவு கொடுத்து முதல் துண்டு வீணானது. இரண்டாவது முறை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, அதையே கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பட்டையில் எஸ்.பி. ரோட்டில் வாங்கின பழைய 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, காற்றை வெளியே தள்ளும்படி. இரண்டும் சேர்ந்து 5 வாட்தான். வலது கண்ணாடி ஒரு அங்குலம் இறக்கம், கொசு வலை. இரண்டு பக்கமும் மழை வைசர்.

ஆனால் இரண்டு ஜன்னலும் முன்னால். காற்று முன்பக்கமே சுற்றிவிட்டுப் போனது. காற்றின் ஈரப்பதம் காட்டும் 250 ரூபாய் ஹைக்ரோமீட்டர் ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு 95 சதவீதம் காட்டியது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு 3 அங்குல பி.வி.சி. பைப்பைக் கூரையை ஒட்டிப் பின்பக்கம் வரை ஓட்டி, பின்முனையில் துளைகள் போட்டு, முன்முனையை ஒரு ஃபேனின் வாயோடு சிறு பெட்டி வைத்து இணைத்தேன். இப்போது அந்த ஃபேன் என் தலைக்கு மேலிருக்கும் காற்றை உறிஞ்சுகிறது. மறுநாள் காலை 80. வெளியே மழைக்காலக் காற்றே தொண்ணூறுக்கு மேல் இருக்கும்போது உள்ளே 80 போதும். ஃபோமின் வெள்ளித் தாளில் நீர் முத்து நிற்கவில்லை. இந்த ஃபேன், அக்ரிலிக், வலை, பைப் எல்லாம் சேர்ந்து 970.

கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா வந்து பார்த்தார். ஏறி உட்கார்ந்து கூரையைத் தொட்டார், மெத்தையைத் தட்டினார். “படுத்தா காத்து வருதாடா?” என்று மட்டும் கேட்டார். பைப்புக்குக் கீழே அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். “இழுக்குது,” என்றார். அதற்குப் பிறகு வீடு பார்க்கச் சொல்லவில்லை.

மின்சாரம் என் தொழில் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனாலும் அதிலும் ஒரு தப்பு செய்தேன். எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியை முதலில் வைத்தேன், சும்மா கிடைத்ததே என்று. ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். சார்ஜ் ஏறும்போது ஆசிட் வாடையும் ஹைட்ரஜனும் தூங்கும் அறையில். கஸ்டமர் வீடுகளில் படுக்கையறையில் வைக்காதீர்கள் என்று நானே சொல்வேன். இரண்டு வாரத்தில் இறக்கிவிட்டேன். இப்போது 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-ஹவர் எல்.எஃப்.பி. (லித்தியம்) பேட்டரி 14,500, 100 வாட் பேனல் 4,200, எம்.பி.பி.டி. சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் 2,100, ஒயர், ஃபியூஸ், கனெக்டர் 1,900, 12 வோல்ட் ஃபேன் 1,250, எல்.இ.டி. 350. மொத்தம் 24,300. இன்வெர்ட்டர் வைக்கவில்லை, எல்லாமே நேர் 12 வோல்ட். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். என் ஒரு நாள் செலவு 190 வாட்-ஹவர். வெயில் நாளில் பேனல் 380 வரை தருகிறது, ஜூலை மேகமூட்டத்தில் 130-க்கு இறங்கியது. அப்போது வாரம் ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் சார்ஜர் போட்டேன்.

சமையல் 5 கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர். வண்டிக்குள் ஒருநாளும் பற்ற வைப்பதில்லை. பின்கதவு மேல்நோக்கித் தூக்கும் கதவு என்பதால் அதுவே கூரை. அதன் அடியில், தரையில் ஸ்டூல் போட்டு, வெளியே. மழையில் சாரல் அடித்தால் சமையல் கிடையாது, அரசு நடத்தும் இந்திரா கேன்டீனில் 5 ரூபாய்க்குக் காலைச் சாப்பாடு, 10 ரூபாய்க்கு மதியம். தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு. காசு போட்டால் நிரப்பித் தரும் குடிநீர் மையங்கள் இங்கே வார்டுக்கு வார்டு உண்டு. கேன், குழாய், கிரேட், ஆங்கிள், சிலிண்டர், அடுப்பு எல்லாம் சேர்ந்து 7,600.

கணக்கு: வண்டியும் அதன் காகித, மெக்கானிக் செலவும் 2,74,900. வீணாய்ப் போன முதல் சுற்று 11,000. இரண்டாவது சுற்று, அண்ணனின் கூலி 3,000, மெத்தை 3,200 எல்லாம் சேர்த்து 18,200. மின்சாரம் 24,300, சாமான் 7,600. ஆக 3,36,000. நாலு டியூப் சிலிகானை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி செய்தால் வண்டியை வாங்கிய மறுநாளே, உள்ளே ஒரு சாமானும் ஏறும் முன், பவுடர் போட்டு ஹோஸ் அடிப்பேன். வெறும் தகரமாக ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. 710-ஐ முதலிலேயே வாங்குவேன். பேனலை கேரியரோடு இறுக்கி விடாமல், கழற்றி வெயிலில் சாய்த்து வைக்கும்படி நீள ஒயரோடு வைப்பேன். ஒர்க்‌ஷாப்பில் வேப்பமர நிழல்தான் நிறுத்த இடம், வண்டிக்கு அது நல்லது, பேனலுக்கு ஆகாது.

எஃப்.சி. மார்ச் 2025-இல் வருகிறது. போன ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். மெத்தை, ரீப்பர், மூன்று ஸ்டாண்ட், கிரேட்கள், பேட்டரிப் பெட்டி, பைப், பேனல் எல்லாம் இறக்கி வண்டி வெறுமையாக நிற்க 52 நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் துருப்பிடித்த இரண்டு கொக்கி போல்ட்டுகளோடு போனது. அவற்றை ஸ்டெயின்லெஸில் மாற்ற எஸ்.பி. ரோடு பக்கம் போகும்போது 10 மி.மீ. போல்ட் நாலு வாங்க வேண்டும்.